கோல்ட் அந்தஸ்து இந்த வருஷத்தோடு போகிறது: விரட்டிப் பிடிப்பதா, விட்டுவிடுவதா?

காவிரிக்கரை | சிங்கப்பூர்

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் சில வருஷமாக எலைட் கோல்ட் அந்தஸ்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மாதத்துக்குள் 50,000 எலைட் மைல் (அந்தஸ்துக்கு மட்டும் எண்ணுகிற மைல்) சேர்ந்தால்தான் அது தொடரும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். எங்கள் ஆபீஸில் வெளிநாட்டுப் பயணத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள், பேச வேண்டியதை எல்லாம் ஜூமிலேயே பேசி முடித்துவிடுகிறோம். உறுப்பினர் வருஷம் முடிய இரண்டு மாதம்கூட இல்லை. இன்னும் ஐயாயிரத்துச் சொச்சம் மைல் துண்டு விழுகிறது.

கைக்காசைப் போட்டு ஒரு வாரக் கடைசியில் பெர்த் போய்த் திரும்பிவிடலாமா என்று பார்க்கிறேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. போகவேண்டும், ஹோட்டலில் தூங்கவேண்டும், வரவேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆனால் கோல்ட் போனால் லவுஞ்ச், தனி வரிசை, கூடுதல் இருபது கிலோ எல்லாம் போய்விடும். ஊருக்குப் போகும்போது அந்த இருபது கிலோ எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்கே தெரியும். இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

கூடவே இன்னொன்று. டிக்கெட் எடுக்கப் பயன்படுகிற மைல் தனியாக இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் சேர்த்த அந்த மைலில் ஒரு பகுதி இந்த மாதக் கடைசியில் காலாவதி ஆகிறது. அதை எதில் செலவழிப்பது உருப்படியாக இருக்கும்?

திங்கள்_முதல்_ஃப்ளைட் | சென்னை

முதலில் கணக்கைப் பாருங்கள் சார். சிங்கப்பூரிலிருந்து பெர்த் ஒரு வழி ஏறக்குறைய 2,400 மைல். போக, வரச் சேர்த்தாலே 4,800 சொச்சம்தான். அதுவும் முழு மைல் ஏறுகிற டிக்கெட்டாக இருந்தால். மலிவு டிக்கெட்டான எகானமி லைட் எடுத்தால் பறந்த தூரத்தில் பாதிதான் கணக்கில் ஏறும். அப்போது இரண்டு தடவை போய் வந்தாலும் உங்களுக்குப் போதாது.

சரி, எப்படியோ பிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வருஷமும் ஆபீஸ் அனுப்பப்போவதில்லை. பறக்காத வருஷத்தில் கோல்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? லவுஞ்சும் கூடுதல் எடையும் பறக்கிறவருக்குத்தான் பயன்படும்.

தவிர, இந்தத் திட்டங்கள் எதுவும் நம் கையில் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் தன் கணக்கையே மாற்றிவிட்டது. அதற்கு முன் எவ்வளவு தூரம், எந்த வகுப்பில் பறந்தோம் என்று பார்த்தார்கள். இப்போது டிக்கெட்டுக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று பார்க்கிறார்கள், கோல்டுக்கு 20,000 புள்ளி வேண்டும். விஸ்தாராவில் ஆசையாகச் சேர்த்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? 2024 நவம்பர் 12 அன்று அது ஏர் இந்தியாவோடு சேர்ந்தது, அதன் மைல் திட்டமான கிளப் விஸ்தாராவும் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்குள் போனது. புள்ளிகள் தொலையவில்லை என்பது உண்மை. ஆனால் எந்தச் சேவைக்காக அந்த அட்டையை விரும்பினோமோ அந்தச் சேவை இன்று வேறு கையில் இருக்கிறது.

தேராக்காரன் | துபாய்

கணக்கு சரிதான் தம்பி, ஆனால் பறக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு எடைதான் எல்லாம். எமிரேட்ஸ் ஸ்கைவர்ட்ஸில் சில்வருக்கு 12 கிலோ, கோல்டுக்கு 16 கிலோ, பிளாட்டினத்துக்கு 20 கிலோ கூடுதலாகத் தருகிறார்கள். நான் கோல்ட். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிற நேரத்தில் அந்தப் பதினாறு கிலோவில் எத்தனை பேருடைய சாமான் போகும் தெரியுமா? என் அறைக்காரர் மகளுக்கு வாங்கிய சைக்கிள் பாகம், எதிர்க்கடைப் பையன் அவன் உம்மாவுக்கு வாங்கிய போர்வை, பேரீச்சம்பழம், பால் பவுடர். லவுஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிற நேரம் கொஞ்சம்தான். பெட்டிக்குள் போகிற பொருள் ஒரு தெருவுக்கே போய்ச் சேருகிறது.

அந்தஸ்து வேறு, மைல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்று நினைக்கிறேன். அந்தஸ்து போனால் போகட்டும், மைல் கையில் இருக்க வேண்டும். வாப்பாவுக்கு நெஞ்சுவலி என்று கீழக்கரையிலிருந்து போன் வந்தது பெருநாள் விடுமுறை நேரத்தில். காசுக்கு எடுத்தால் எகானமியே வழக்கத்தைவிட மூன்று மடங்கு சொன்னது. மைலில் தேடினேன், அடுத்த நாள் காலை விமானத்தில் ஒரே ஒரு இடம் காட்டியது. வரியை மட்டும் கட்டி எடுத்தேன். வாப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், அதன் பிறகு ஒரு வாரம் இருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு போக்குவரத்துக்குப் போதுமான மைலைத் தொடுவதே இல்லை. ஸ்கைவர்ட்ஸ் மைல் மூன்றாவது வருஷத்தில் நம் பிறந்த மாதக் கடைசியில் காலாவதியாகும். அதனால் பழையதைச் செலவழித்துப் புதியதைச் சேமிப்பில் வைப்பேன்.

குடும்பக் கணக்கு வசதியையும் பாருங்கள். எட்டுப் பேர்வரை ஒரே கணக்கில் சேர்க்கலாம். பிள்ளைகள் பறக்கிற மைலும் ஒரே இடத்தில் சேரும்.

காவிரிக்கரை | சிங்கப்பூர்

அண்ணா, படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாப்பாவுக்கு என் பிரார்த்தனைகள்.

கிரிஸ்ஃப்ளையரில் நம் மைலை இன்னொருவர் கணக்குக்கு மாற்றுகிற வழி எனக்கு இல்லை. ஆனால் நாமினியாக ஐந்து பேரைப் போட்டு வைத்தால் அவர்கள் பெயரில் டிக்கெட் எடுக்கலாம்.

எடிசன்வாசி | நியூ ஜெர்சி

நான் சொல்ல வந்ததும் அதுதான். காலாவதியாகிற மைலில் உங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள். பெர்த்துக்குச் செலவழிக்க இருந்த பணத்தை அவர் வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் யுனைடெட் ஏர்லைன்ஸின் கோல்ட் இருக்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும்போது யுனைடெட்டின் சொந்த கோல்ட் உறுப்பினருக்கு அதன் லவுஞ்சில் இடம் கிடையாது. அதே நாளில் அதே விமானத்தில் ஏறுகிற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கோல்ட்காரர் உள்ளே போகலாம், இரண்டு நிறுவனமும் இருக்கிற ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் விதி அப்படி. அதனால் எனக்கு லவுஞ்ச் என்பது வெளிநாடு போகும்போது மட்டும்தான். அதற்காக ஒரு பயணத்தையும் கூட்டியதில்லை. யுனைடெட் மைல் 2019 முதல் காலாவதி ஆவதே இல்லை, அது ஒரு நிம்மதி.

அப்பா அம்மா தனியாக இங்கே வருவதுதான் எங்கள் வீட்டில் பெரிய காரியம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி செய்தேன், உதவும் என்பதால் சொல்கிறேன். முதலாவது, சென்னையிலிருந்து அபுதாபி வழியாக எடுத்தேன். அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும், 2014 முதல் அந்த ஏற்பாடு இருக்கிறது. நியூயார்க்கில் இறங்கினால் உள்நாட்டுப் பயணி போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டியதுதான். பதினான்கு மணி நேரம் பறந்துவிட்டு நீண்ட வரிசையில் அவர்களை நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது, ஒரு தாள். ஒவ்வொரு கேள்வியும் மேலே ஆங்கிலத்தில், அதற்குக் கீழே தமிழில். யார் வீட்டுக்குப் போகிறீர்கள், எத்தனை நாள், பெட்டியில் என்ன உணவுப் பொருள், என்ன மாத்திரை. அதிகாரி எந்த வரியைக் கேட்கிறாரோ அதை அவர் விரலால் காட்டினால் போதும், அம்மா பக்கத்திலேயே எழுதி வைத்த பதிலைக் காட்டிவிடுவார். எழுத்தைப் பெரிதாக அச்சடித்து, மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையின் வெளிப்பக்கத்தில் வைத்தேன். அந்தத் தாள் இன்றுவரை எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுப் பெரியவருக்கும் பெயர் மாற்றிப் போய்க்கொண்டிருக்கிறது.

திங்கள்_முதல்_ஃப்ளைட் | சென்னை

அக்கா, அந்தத் தாளின் மாதிரியை இங்கே போட முடியுமா? என் மாமியார் சித்திரையில் டல்லஸ் போகிறார்.

எடிசன்வாசி | நியூ ஜெர்சி

பெயர், முகவரி எல்லாம் எடுத்துவிட்டு நாளைக்குப் போடுகிறேன்.

வீல்சேர் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக நடக்கிற பெரியவர்களுக்கு, மொழி தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக வீல்சேர் கேட்கிறோம். ஏன் கேட்கிறோம் என்பது புரிகிறது, பயம்தான். ஆனால் விமானம் நின்றதும் வாசலில் வரிசையாகக் காத்திருப்பவர்களில் உண்மையாகவே கால் ஊன்ற முடியாதவர் கடைசியாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நடக்க முடிகிறவருக்கு, கூடவே ஆள் வந்து வழிகாட்டுகிற உதவியைத் தனியாகக் கேளுங்கள். பல விமான நிறுவனங்கள் முன்பதிவிலேயே அதைச் சேர்க்கின்றன. முழங்கால் வலி உள்ளவருக்குத் தயங்காமல் வீல்சேர் போடுங்கள், குறைந்தது இரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

கோவை_ஜன்னலோரம் | கோயம்புத்தூர்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். முதல் முறை வெளிநாடு போகிறேன், முதல் பயணமே வேலைக்காக ஃப்ராங்க்ஃபர்ட். நாங்கள் சுத்த சைவம். உணவு தேர்வு செய்கிற இடத்தில் இந்து மீல் என்று இருக்கிறது, அதையே போட்டுவிடலாம்தானே?

எடிசன்வாசி | நியூ ஜெர்சி

வேண்டாம் தம்பி! இந்து மீல் சைவம் கிடையாது. அதில் மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். கோழி, ஆட்டுக்கறி, மீன் வரும். உங்களுக்கு வேண்டியது ஆசியன் வெஜிடேரியன். குறியீடு ஏ.வி.எம்.எல். என்று இருக்கும். நம் ஊர் மசாலாவோடு சோறு, பருப்பு, பன்னீர் வகை வரும். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர் என்றால் ஜெயின் மீல். வெறும் வெஜிடேரியன் என்று போட்டிருக்கும் மேற்கத்திய வகையில் முட்டை இருக்கலாம். விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்னாடியே பதிந்துவிட வேண்டும். திரும்பி வருகிற விமானத்துக்கும் தனியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், பலர் அதைப் பார்ப்பதில்லை.

கோவை_ஜன்னலோரம் | கோயம்புத்தூர்

ரொம்ப நன்றி அக்கா. அம்மா புளியோதரை கட்டித் தருகிறேன் என்கிறார், அதைக் கையில் கொண்டுபோகலாமா?

தேராக்காரன் | துபாய்

தாராளமாக. சோறு கெட்டிப்பொருள், பாதுகாப்புச் சோதனையில் விடுவார்கள். ஊறுகாய், நெய், தயிர் மட்டும் கைப்பையில் வேண்டாம், திரவக் கணக்கில் போய்விடும். விமானத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், சமைத்த உணவோடு ஐரோப்பாவில் இறங்கவேண்டாம். இன்னொன்று, கொப்பரை. எண்ணெய் சத்து அதிகம், தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பெட்டியிலும் போடக்கூடாது. சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் 2024 அக்டோபரில் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டுபோக இந்திய விமானப் பாதுகாப்புத் துறை தற்காலிகமாக அனுமதி கொடுத்தது. 2025 ஜனவரி 20 வரை அது இருந்தது.

திங்கள்_முதல்_ஃப்ளைட் | சென்னை

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான், பெட்டிக்குள் போடவே கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அதே வருஷம் அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையே தடை செய்துவிட்டன. கிளம்பும் முன் போனை முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

நெறியாளர்

ஒரு வேண்டுகோள். போர்டிங் பாஸ் படங்களை இங்கே யாரும் போடவேண்டாம். பெயரை மறைத்தாலும் அதில் இருக்கிற பார்கோடிலிருந்தே முன்பதிவு எண்ணை எடுத்துவிடலாம். அதையும் பெயரையும் வைத்து உங்கள் டிக்கெட்டையே வேறு ஒருவர் மாற்ற முடியும். நேற்று வந்த இரண்டு படங்களை நீக்கிவிட்டேன்.

ஸ்கார்பரோ | டொராண்டோ

ஓம், நல்ல விசயம் நெறியாளர்.

காவிரிக்கரை அண்ணா, நான் எயர் கனடாவின்ர மைல் திட்டமான ஏரோபிளானில் இருக்கிறன். எங்கட பக்கம் 2020 நவம்பரில் திட்டத்தை மாற்றினபோது குடும்பப் பகிர்வு வந்தது, எட்டுப் பேர் வரைக்கும் சேரலாம். என்னுடையது, மனுசியுடையது, அப்பாவுடையது எல்லாம் ஒரே குடத்தில் விழுகிறது. அதில்தான் அம்மாவைக் கூப்பிட்டனாங்கள்.

யாழ்ப்பாணம் போறவைக்கு ஒரு விசயம் சொல்லவேணும். அங்கத்தைய பலாலி விமான நிலையத்துக்கு 2019 இல் சென்னையில இருந்து விமானம் துவங்கினது, பிறகு நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் துவங்கினது. இப்ப இண்டிகோவும் போகுது. கொழும்பில் இறங்கி இரவிரவாகப் பஸ்ஸில் போறதை விட இது எவ்வளவோ ஆறுதல், வயது போன ஆக்களுக்கு இன்னும் ஆறுதல். ஆனால் அது ஏடிஆர், சின்ன விமானம். டொராண்டோவில இருந்து இரண்டு பெட்டி, 23 கிலோ வீதம் கொண்டு வந்தாலும், சென்னைக்குப் பிறகு வேறு டிக்கெட் எண்டால் அந்த விமானத்தின்ர எடைதான் செல்லும். உங்கட ஸ்டார் அலையன்ஸ் கோல்ட் அங்கே செல்லாது. வாங்கும்போதே மேலதிக எடையைக் காசு கட்டிப் போட்டு வையுங்கோ, கவுண்டரில் கட்டினால் இன்னும் கூடக் காசு போகும்.

திரும்பி வரேக்க அம்மா வறுத்து இடிச்ச கறித்தூள் ஐந்து கிலோ இல்லாமல் நான் ஏறினது இல்லை. மூன்று பொலித்தீன் பை, அதுக்கு மேல ஒரு பழைய துவாய், நடுப்பெட்டியில். அம்மாவின்ர கைப்பக்குவம் இங்க எந்தக் கடையிலயும் வராது.

தேராக்காரன் | துபாய்

மிளகாய்த் தூள் பையை முதலில் செய்தித்தாளில் சுற்றி, அப்புறம் பிளாஸ்டிக் போடுங்கள் தம்பி. எண்ணெய் கசிந்தால் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

திங்கள்_முதல்_ஃப்ளைட் | சென்னை

எல்லோரும் நாடு விட்டு நாடு பேசுகிறீர்கள். உள்நாட்டில் வாரா வாரம் போகிறவனின் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

திங்கள் அதிகாலை மும்பை, வியாழன் இரவு சென்னை. தாம்பரத்திலிருந்து கிளம்பினால் குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டும்போது ஜிஎஸ்டி ரோட்டில் டீக்கடை மட்டும் திறந்திருக்கும். பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் போய், தூங்கிய பின் வருகிற வாழ்க்கை. இதில் சலுகை என்றால் எனக்கு மூன்றுதான். முன்வரிசை இருக்கை, ஏனென்றால் இறங்கிப் பத்து நிமிஷம் முன்னாடி டாக்ஸி பிடித்தால் அந்தேரியில் நாற்பது நிமிஷம் மிச்சம். முகத்தைக் காட்டியே உள்ளே போகிற டிஜியாத்ரா, சென்னையில் 2024 முதல் இருக்கிறது. அப்புறம் முந்தைய விமானத்துக்கு மாறிக்கொள்கிற வசதி. வியாழக்கிழமை மீட்டிங் சீக்கிரம் முடிந்தால் ஆறு மணி விமானத்தில் ஏறிவிடலாம், சின்னவள் தூங்குவதற்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம். நான் அதிகப் பணம் கொடுத்து மாற்றக்கூடிய டிக்கெட் எடுப்பது இதற்காகத்தான். கம்பெனி தருகிற தொகைக்கு மேல் வருவதைக் கைக்காசில் போட்டுக்கொள்கிறேன். லவுஞ்ச் உப்புமாவைவிட அவளுக்கு ஒரு கதை படிப்பது எனக்கு முக்கியம்.

வங்கி அட்டைகளின் இலவச லவுஞ்சும் முன்பு போல இல்லை. இரண்டு ரூபாய்க்கு அட்டையைத் தேய்த்து உள்ளே போன காலம் மாறி, முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் என்று பல வங்கிகள் நிபந்தனை போட்டுவிட்டன. உள்ளே உட்கார இடமும் கிடைப்பதில்லை.

இலவசமாகக் கிடைக்கிற உண்மையான சலுகை ஒன்று சொல்கிறேன், காவிரிக்கரை சார் கட்டாயம் செய்யவேண்டும். ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை உள்ளவர்களும் ஆன்லைனில் பதிந்து, ஒரு முறை கைரேகையும் முகமும் கொடுத்தால் போதும். தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போய்விடலாம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது, 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்தது, செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. ஐந்து வருஷம் அல்லது பாஸ்போர்ட் முடியும்வரை செல்லும். இதற்கு எந்த கோல்டும் வேண்டாம்.

காவிரிக்கரை | சிங்கப்பூர்

திருச்சிக்கு வந்தது எனக்குத் தெரியாது, இன்றைக்கே பதிகிறேன்.

நேற்று இரவு வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பெர்த் வேண்டாம் என்று முடிவு. 25,000 தாண்டிவிட்டதால் சில்வர் எப்படியும் கிடைக்கும், அது போதும். காலாவதியாகிற மைலில் அம்மாவை அழைத்து வரலாம் என்றால் ஒரு சிக்கல். அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். திருச்சிக்கு இரண்டு மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம், 2024 ஜனவரியில் திறந்த புது முனையம் வேறு விசாலமாக இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அங்கே வருவதில்லை, அதன் மலிவு விலை நிறுவனமான ஸ்கூட்தான் வருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மைலைப் போட்டு எடுத்தால் சென்னைக்கு வரவேண்டும். ராத்திரி ரயிலில் சென்னை, அப்புறம் நான்கு மணி நேரம் விமானம் என்றால் எழுபது வயதில் அது சலுகையா, தண்டனையா?

எடிசன்வாசி | நியூ ஜெர்சி

அப்படியானால் திருச்சியிலேயே காசு கொடுத்து ஸ்கூட்டில் எடுங்கள். சாப்பாடும் எடையும் தனியாகச் சேர்த்துவிடுங்கள். மைலை மிச்சப்படுத்த அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்.

தேராக்காரன் | துபாய்

அம்மா எப்போதாவது சென்னைக்கு வருவார்களா? யாராவது சொந்தம் இருக்கிறார்களா?

காவிரிக்கரை | சிங்கப்பூர்

அக்கா குரோம்பேட்டையில் இருக்கிறார். தை பிறந்ததும் அம்மா எப்படியும் அங்கே பத்து நாள் தங்குவார். அக்காவும் இதுவரை சிங்கப்பூர் பார்த்ததில்லை.

தேராக்காரன் | துபாய்

பிறகென்ன! இரண்டு பேருக்கும் சென்னையிலிருந்து மைலில் ஒரு வழி டிக்கெட் போடுங்கள். மைல் டிக்கெட்டில் ஒரு வழி மட்டும் எடுக்கலாம். திரும்பும்போது அம்மாவைத் திருச்சிக்கு ஸ்கூட்டில் அனுப்பிவிடுங்கள், வீட்டுக்கும் பக்கம். அக்கா துணைக்கு அதிலேயே போய்க் கும்பகோணத்தில் விட்டுவிட்டு வரட்டும்.

திங்கள்_முதல்_ஃப்ளைட் | சென்னை

சார், மைல் காலாவதி ஆவதற்குள் டிக்கெட் போட்டுவிட்டால் போதும், பயண நாள் அதற்குப் பிறகு இருக்கலாம். ஆனால் காலாவதித் தேதிக்குப் பிறகு ரத்து செய்தால் அந்தப் பழைய மைல் திரும்ப வராது. தேதி உறுதியானதும் போடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைல் டிக்கெட்டில் எரிபொருள் கூடுதல் கட்டணத்தை 2017இலேயே எடுத்துவிட்டார்கள், வரி மட்டும்தான். தேதி தள்ளிப்போகும் போலிருந்தால், காலாவதிக்கு முன்பே கட்டணம் கட்டி நீட்டிக்கிற வழியையும் பாருங்கள்.

காவிரிக்கரை | சிங்கப்பூர்

அருமை. இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். நாமினியில் பெயர் சேர்க்கும்போது ஒரு சந்தேகம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கிற இடம் காலி. ஒரே பெயர்தான். படிவம் இரண்டு பெயரும் கேட்கிறது.

எடிசன்வாசி | நியூ ஜெர்சி

நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். இனிஷியல் வைத்து வாழ்ந்தவர்களுக்கு, குடும்பப் பெயர் கேட்கிற படிவம் எல்லாமே இடிக்கும். என் அப்பாவின் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்து, அவர் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் இங்கே எடுத்த ஒவ்வொரு அட்டையிலும் அந்த மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் அவர். மருந்துக்கடையில் அந்த எழுத்தைச் சொல்லிக் கூப்பிடும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

உங்களுக்குச் சொல்கிறேன்: நீங்களாக அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ அந்தக் காலி இடத்தில் போடாதீர்கள். டிக்கெட்டில் இருக்கிற பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் போடும் முன் சேவை எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொல்கிறபடி நாமினியிலும் டிக்கெட்டிலும் ஒரே மாதிரி போடுங்கள். மைல் டிக்கெட்டில் பின்னால் பெயர் மாற்றுவது பெரும்பாடு.

தேராக்காரன் | துபாய்

துபாய்க்குக் கூப்பிடுகிறவர்களும் கவனியுங்கள். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் இங்கே விடுவதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். என் மாமி வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் விசாவுக்கே பணம் கட்டினேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வயது வந்தால், கொடுத்த பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் பிரித்துப் போட்டுவிடுவது நல்லது.

ஸ்கார்பரோ | டொராண்டோ

எங்கட அம்மாவுக்கும் இதே பிரச்சினை வந்தது. எடிசன் அக்கா சொன்னதுதான் சரி, முதலில் போன் எடுத்துக் கேளுங்கோ.

காவிரிக்கரை | சிங்கப்பூர்

போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டு, எப்படிப் போட வேண்டும் என்று எழுத்திலும் அனுப்பினார்கள். இரண்டு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. தை இரண்டாம் வாரம், சென்னையிலிருந்து. அம்மாவுக்கு நடைபாதை ஓரத்து இருக்கை, அக்காவுக்குப் பக்கத்தில். இரண்டு பேருக்கும் ஏ.வி.எம்.எல்.

விசா? நான் நிரந்தரவாசி, உள்ளூர்த் தொடர்பாளராக, இங்கத்திய அரசின் ஆன்லைன் கணக்கான சிங்பாஸில் நானே விண்ணப்பிக்கலாம்தானே? வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா?

கோவை_ஜன்னலோரம் | கோயம்புத்தூர்

அண்ணா, எங்கள் சித்தப்பா இந்த வருஷம் அப்படித்தான் விண்ணப்பித்தார், வந்துவிட்டது. சிங்கப்பூர் வருகைப் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டை மறக்காதீர்கள். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், இலவசம். பணம் கேட்கிற போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன, அரசுத் தளத்திலேயே போடுங்கள். அம்மாவிடம் ஒரு நகல் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

எடிசன்வாசி | நியூ ஜெர்சி

தாளின் மாதிரியை மேலே இணைத்துவிட்டேன். சிங்கப்பூருக்கு ஏற்ற மாதிரி இரண்டு கேள்வியை மாற்றியிருக்கிறேன். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடவேண்டாம்.